வீட்டில் பதிந்த பாட்டு

பிழைப்பை நாடிப் பிற மாநிலங்களில் குடியேறிய தமிழர், தம் ஊரிலிருந்து கொண்டுவந்த செல்வங்களுள் வீட்டுப் பெரியோர் பாடும் பாட்டும் ஒன்று. தாலாட்டும் நலங்கும் கும்மியும் பெரும்பாலும் ஏட்டில் ஏறாமல் நாவிலேயே வாழ்பவை. இன்று கைப்பேசி உடையோர் யாவரும் அவற்றைப் பதிந்து வைக்க இயலும். ஆயினும், நேரில் இனித்த குரல் பதிவில் வறண்டு, தகரத்தில் தட்டினாற்போல் ஒலிப்பது ஏன்? அதற்கு இதமும் இயல்பும் ஊட்டுவது எங்ஙனம்? இவற்றை இங்கு ஆராய்வோம்.

என் அனுபவத்தையே முதலில் கூறுகிறேன். சில ஆண்டுகளுக்கு முன், தஞ்சை மாவட்டத்திலிருந்து என் அன்னையார் பெங்களூர் அல்சூரிலுள்ள எங்கள் இல்லத்திற்கு வந்திருந்தார். அவருக்கு அப்போது வயது எழுபத்தெட்டு. தம் பாட்டியாரிடம் கற்ற நலங்குப் பாட்டொன்றைக் கூடத்தில் அமர்ந்து பாடினார். எதிரே மேசைமேல் கைப்பேசியை வைத்துப் பதிந்து, புனேயில் வாழும் என் தங்கைக்கு அனுப்பினேன். "அம்மா கிணற்றுக்குள் நின்று பாடுவதுபோல் இருக்கிறதே, அண்ணா!" என்றாள் அவள்.

அவள் கூறியது மெய்யே. நேரில் கேட்கும்போது நம் செவியும் மனமும் குரலை மட்டும் நாடி, அறையின் எதிரொலியையும் மின்விசிறியின் இரைச்சலையும் ஒதுக்கிவிடுகின்றன. ஒலிவாங்கிக்கு அந்த விவேகம் இல்லை. எங்கள் கூடமோ ஓடு பதித்த தரையும் கண்ணாடிச் சன்னலும் வெறுஞ்சுவருமாக இருந்தது. குரலோடு சுவர்களின் மறுமொழியும் சேர்ந்தே பதிவாயிற்று.

இதற்குரிய மருந்தை 1895-ஆம் ஆண்டிலேயே ஆராயத் தொடங்கியவர், அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகப் பேராசிரியர் வாலஸ் சபைன். அங்கு ஒரு விரிவுரை மண்டபத்தில், ஒலி அடங்க ஐந்து வினாடிக்கு மேல் ஆனதால் பேச்சே விளங்கவில்லை. அவர் வேறோர் அரங்கிலிருந்து இருக்கை மெத்தைகளைக் கொணர்ந்து பரப்பினார். மெத்தை மிகுந்தவாறே எதிரொலி குறைந்தது. மென்மையான பொருள் ஒலியை உண்டுவிடும் என்பதே இதன் சாரம். நம் வீட்டு இலவம்பஞ்சு மெத்தையும், தலையணையும், துணி நிறைந்த திறந்த அலமாரியும் இப்பணியைச் செவ்வனே செய்யும். அறையின் நடுவில் நின்று ஒருமுறை கைதட்டிப் பாருங்கள். தட்டிய ஒலி கணீரென்று தொடருமாயின் அவ்வறை பாட்டுக்கு ஆகாது. உடனே அடங்குமாயின் அதுவே ஏற்ற இடம். வீடு ஒலிக்கூடம் ஆகுமா என ஐயுற வேண்டுவதில்லை. 1935-இல் மைசூரில் பேராசிரியர் கோபாலசுவாமி தம் இல்லத்திலிருந்தே வானொலி நிலையம் ஒன்றை நடத்தினார். 'ஆகாசவாணி' என்னும் பெயர் அந்நிலையத்திற்கு உரியதே.

அடுத்து, தொலைவு. ஒலிவாங்கிக்கும் வாய்க்கும் உள்ள இடைவெளி இருமடங்கானால், நேராக வந்து சேரும் ஒலியின் வலிமை நான்கில் ஒரு பங்காகிவிடும். ஆனால் அறையின் எதிரொலியோ ஏறக்குறைய அப்படியே இருக்கும். ஆதலின், கைப்பேசியை ஒரு சாண் தொலைவில், வாய்க்கு நேராகவன்றிச் சற்றே பக்கவாட்டில் வைத்தல் வேண்டும். நேராக வைத்தால், பகரம் வரும் இடந்தோறும் மூச்சு மோதி 'பொத்'தென ஒலிக்கும். மேசைமேல் வெறுமனே கிடத்தாமல், மடித்த துண்டின்மேல் வைப்பது நலம்.

நாம் 'இதம்' என்று கூறுவது பெரும்பாலும் அண்மையின் உணர்வே. 1902-இல் கல்கத்தாவில் கௌஹர் ஜான் இசைத்தட்டுக்குப் பாடியபோது, பெரிய கூம்பினுள் உரக்கப் பாட வேண்டியிருந்தது. 1925-இல் மின் ஒலிவாங்கியால் பதியும் முறை வந்த பின்னரே மெல்லிய குரலும் தட்டில் ஏற வழி பிறந்தது. தாலாட்டைத் தாலாட்டாகவே பாடலாம். உரக்கப் பாடுமாறு பெரியோரை வற்புறுத்த வேண்டா.

பாட்டின் உச்சமான இடத்தை முதலிற் பாடச் செய்து, பதிவின் அளவுகாட்டி சிவப்பைத் தொடாதவாறு அமைத்துக்கொள்க. அளவு மீறிய ஒலி கரகரப்பாகிவிடும்; அதைப் பின்னர்த் திருத்த எளிதில் இயலாது. தம்புரா மீட்டினால் மற்றொன்றையும் கவனிக்க வேண்டும். பேச்சுக்கென அமைந்த இரைச்சல் நீக்கும் வசதி, இடையறாது ஒலிக்கும் சுருதியையும் இரைச்சலெனக் கருதி அழிக்க முற்படும். அவ்வசதியை நிறுத்திவிடுக.

பதிந்த பின் செய்யத்தக்கவை சிலவே. வினாடிக்கு 80 அதிர்வுகளுக்குக் கீழ்ப்பட்ட உறுமலை நீக்கலாம். 3,000 அதிர்வுகளை ஒட்டிய பகுதி செவியைக் குத்துமாயின், இரண்டு மூன்று டெசிபல் குறைக்கலாம். குரலின் கனம் 200 அதிர்வுகளை ஒட்டி நிற்பது; ஐந்து கட்டைச் சுருதியில் பாடும் பெண்குரலின் ஆதார ஷட்ஜமும் 196 அதிர்வுகளே. கைப்பேசியின் சிறு ஒலிபெருக்கியில் இப்பகுதி நன்கு ஒலிக்காது. ஆதலின் செவிக்கருவி அணிந்தே மதிப்பிடுக. சுருதி திருத்தும் மென்பொருளை நம் பாட்டுக்குக் கையாளற்க. அசையும் கமகத்தை அது படிக்கட்டாக வெட்டிவிடும். பாட்டின் இடையே வாங்கும் மூச்சையும் நீக்க வேண்டா. உயிருள்ளவர் பாடுகிறார் என்பதற்கு அதுவே சான்று. உறவினருக்கு அனுப்பும்போது குரற்செய்தியாக அன்றிக் கோப்பாக அனுப்பினால் ஒலி மிகுதியும் சிதையாது. மாற்றம் செய்யாத மூலப் பதிவைத் தனியே பாதுகாத்தல் இன்றியமையாதது.

தங்கை கூறியதைக் கேட்ட நான், மறு ஆண்டு அன்னையார் வந்தபோது, இரவு பத்து மணிக்குமேல் தெருவின் சந்தடி அடங்கிய பின், படுக்கையறையில் விசிறியை நிறுத்திவிட்டு, அதே பாட்டைப் பாடச் செய்தேன். பேத்தி மடியில் சாய்ந்திருந்தாள். பதிவைக் கேட்ட தங்கை வெகுநேரம் பேசவில்லை. பின், "அம்மா என் காதருகே உட்கார்ந்து பாடினாற்போல் இருக்கிறது" என்றாள்.

ஆனால் ஒரு குறை. பாட்டின் நான்காவது அடி அவ்வாண்டு அன்னையாருக்கு நினைவில் வரவில்லை. எத்துணை முயன்றும் வரவில்லை. அது அந்தக் கிணற்றுப் பதிவில் மட்டுமே இருக்கிறது. ஆதலின், பழுதான பதிவையும் அழித்துவிடாதீர்கள். நல்ல பதிவை அடுத்த ஆண்டுக்கென ஒத்தியும் வைக்காதீர்கள். இவ்வார இறுதியிலேயே ஒரு மெத்தையை விரித்து, வீட்டுப் பெரியோரைப் பாடச் சொல்லுங்கள்.