வழக்கொழிந்த கணினிமொழியும் அதன்வழி எழுந்த மென்பொருளும்

மக்கள் வழங்கும் மொழி பேசுவோர் இன்மையால் அழிகின்றது. கணினிமொழியோ, கையாள்வோர் பலர் இருக்கவும், அதனை ஆக்கிய நிறுவனம் கைவிடுதலால் வழக்கொழிதலும் உண்டு. அவ்வாறு கைவிடப்பட்ட மொழியில் எழுதப்பெற்று இன்றும் இயங்கிவரும் மென்பொருள்களின் எதிர்காலம் யாது என்பதை, விஷுவல் பேசிக் என்னும் மொழியின் வரலாற்றைக் கொண்டு ஈண்டு ஆராய்வாம்.

மைக்ரோசொப்ற் நிறுவனம் இம்மொழியை 1991ஆம் ஆண்டில் வெளியிட்டது. பொத்தான்களையும் கட்டங்களையும் திரையிலே வேண்டியவாறு அமைத்து, அவற்றின் பின்னே சில வரிகளை எழுதுதலால் ஒரு செய்நிரலை இயற்றிவிடலாம். இவ்வெளிமை காரணமாக, கணினியியலைத் துறைபோகக் கல்லாத கணக்கரும் பொறியியலாளரும் தத்தம் தொழிலுக்கு வேண்டிய செய்நிரல்களைத் தாமே ஆக்கிக்கொண்டனர். 1998இல் வந்த ஆறாம் பதிப்பே அவ்வழியில் இறுதியானது. 2002இல் அப்பெயரைத் தாங்கி வெளிவந்தது உள்ளமைப்பில் வேறான மொழியாகும். பழையதைத் தொடர்ந்து பேணுமாறு 2005இல் பலர் ஒப்பமிட்டு விண்ணப்பித்தும் நிறுவனம் இசைந்திலது. 2008 ஏப்பிரிலில் அம்மொழியின் ஆக்கக் கருவிக்கான ஆதரவு முற்றாக நின்றது.

பெயர் ஒன்றாயினும் பொருள் வேறுபட்டமைக்கு ஓர் எடுத்துக்காட்டுத் தருவாம். முழுவெண்ணைக் குறிக்கும் 'இன்ரிஜர்' என்னும் சொல் பழைய மொழியில் இரண்டு பைற் இடங்கொள்வது. -32,768 முதல் 32,767 வரையுள்ள எண்களையே ஏற்பது. புதிய மொழியிலோ அதே சொல் நான்கு பைற் இடங்கொள்ளும். எனவே, பழைய செய்நிரல் எழுதிவைத்த கோப்பினை இவ்வேறுபாடு உணராதார் இயற்றிய புதிய செய்நிரல் படிக்குமாயின், எண்கள் இடம்மாறிப் பிழைபடும்.

அங்ஙனமாயின் பழைய மென்பொருள்கள் நாளையே நின்றுவிடுமோ எனின், நில்லா. அவை இயங்குதற்கு வேண்டிய அடிப்படை நூலகத்தை, ஆதரவிலுள்ள விண்டோஸ் பதிப்புகளில் தொடர்ந்து பேணுவதாக அந்நிறுவனம் அறிவித்துள்ளது. இடர் வேறிடத்தில் உளது. வரிச்சட்டம் மாறுமிடத்துச் செய்நிரலையும் மாற்றல் வேண்டும். மாற்றுதற்குரிய கருவியோ கைவிடப்பட்டது. பிறரிடம் விலைக்கு வாங்கிச் சேர்த்த துணையுறுப்புகள் இன்று கிடைத்தல் அரிது. இயற்றியவரும் ஓய்வுபெற்றிருத்தல் கூடும். இயங்குதல் வேறு, திருந்தி வாழ்தல் வேறு என்பது இதனாற் போதரும்.

இந்நிலையில் உரியவர்க்கு மூன்று வழிகள் உள. முதலாவது, பழையதை உள்ளவாறே பேணுதல். மாறாத பணிக்கு இது போதியதாகும். இரண்டாவது, வரிக்கு வரி புதிய மொழிக்குப் பெயர்த்தல். இதற்கென அந்நிறுவனம் அளித்த பெயர்ப்புக் கருவியும் 2010ஆம் ஆண்டுப் பதிப்பில் நீக்கப்பட்டது. இயந்திரம் பெயர்த்தவற்றையும் மனிதர் சரிபார்த்தல் இன்றியமையாதது. மூன்றாவது, முற்றிலும் புதிதாய் இயற்றல். இது தூயதெனத் தோன்றினும் இடர்மிக்கது. என்னை? பல்லாண்டுப் பட்டறிவால் அமைந்த விதிவிலக்குகள் பலவும் பழைய செய்நிரலின் வரிகளிலன்றி வேறெங்கும் எழுதப்பட்டிராமையின், அவை விடுபட்டுப்போதல் கூடும்.

கோபோல் என்னும் மொழியை இதனோடு ஒப்புநோக்குக. 1959இல் ஒரு குழுவினால் வகுக்கப்பெறத் தொடங்கிய அது, 1968இல் அமெரிக்க நாட்டுத் தரமாயிற்று. அதன் அனைத்துலகத் தரம் 2023இலும் புதுக்கப்பட்டது. இலக்கணம் பொதுவில் இருத்தலால், ஒரு நிறுவனம் கைவிடினும் வேறொன்று அதற்கு வேண்டிய கருவிகளை ஆக்குதல் இயலும். ஒரு நிறுவனத்தின் உடைமையான மொழிக்கு இவ்வாய்ப்பு மிகக் குறைவாகும்.

ஆகவே, மொழியின் புதுமையையும் எளிமையையும் மட்டும் நோக்கித் தெரிதல் சாலாது. அதன் இலக்கணம் யார் கையில் உளது என்பதையும் நோக்குதல் வேண்டும். முன்னரே தெரிந்துகொண்டோர் மூலநிரலைப் பாதுகாத்தல், தரவுகளைப் பிற செய்நிரல்களும் படிக்கத்தகும் வடிவில் படியெடுத்தல், செய்நிரலினுள் மறைந்துள்ள விதிகளை அவற்றை அறிந்தோர் இருக்கும்போதே மக்கள் மொழியில் எழுதிவைத்தல் ஆகிய மூன்றையும் செய்வாராக. இவை உளவாயின் எம்மொழிக்கும் பெயர்தல் கூடும். இவை இல்வழி, இயங்கிக்கொண்டிருக்கும் மென்பொருளும் பொருள் அறியப்படாத ஏடாகவே எஞ்சும்.