பலாச்சுளையில் நாக்குக்குப் பாதி, மூக்குக்குப் பாதி

பலாச்சுளையின் ருசியில் நாக்கு அறிவது பாதிதான். மிச்சமெல்லாம் மூக்கின் வேலை. கடலூர் மாவட்டம் பண்ருட்டியிலிருந்து நெய்வேலி போகும் சாலையில் பணிக்கன்குப்பம், காடாம்புலியூர் பக்கம் செம்மண் தோப்புகளில் விளையும் பலாவே இதற்கு நல்ல சாட்சி. சித்திரை, வைகாசியில் சாலையோரக் கடைகளில் பழம் குவிந்து கிடக்கும். பால் ஒட்டாமலிருக்கக் கையிலும் கத்தியிலும் எண்ணெய் தடவிக்கொண்டு பழத்தைப் பிளப்பார்கள். மூக்கை இறுக்கிப் பிடித்தபடி ஒரு சுளையை மென்றால் இனிப்பு தெரியும், பலா தெரியாது. விரலை எடுத்ததும் பலா வந்துவிடும்.

நாக்கின் சுவை மொட்டுகள் இனிப்பு, புளிப்பு, உப்பு, கசப்பு, உமாமி ஆகிய ஐந்தை உணர்கின்றன. ஒரு மொட்டில் சுமார் 50 முதல் 100 செல்கள் வரை இருக்கும். நுனியில் இனிப்பு, அடியில் கசப்பு என்று பாடநூல்களில் நெடுங்காலம் இடம்பெற்ற நாக்கு வரைபடம் தவறானது. மொட்டுகள் உள்ள எல்லா இடமும் எல்லாச் சுவையையும் அறியும். பண்ருட்டித் தோப்புகளில் பழுக்கும் முந்திரிப்பழம் தொண்டையைப் பிடிப்பது வேறு வகை. அதிலுள்ள டானின் என்னும் பொருள், எச்சிலின் புரதங்களோடு சேர்ந்து வாயின் வழவழப்பை நீக்கிவிடுகிறது. அறுசுவையில் இடம்பெற்ற இந்தத் துவர்ப்பு, பெரும்பாலும் தொடு உணர்வு.

மெல்லும்போது ஆவியாகும் மணப்பொருள்கள் தொண்டையின் பின்வழியாக மேலேறி மூக்கின் உச்சியை அடைகின்றன. அங்குள்ள மண ஏற்பிகளை உருவாக்கும் மரபணுக் குடும்பத்தை ஆய்வாளர்கள் லிண்டா பக், ரிச்சர்ட் ஆக்செல் இருவரும் 1991இல் கண்டறிந்தனர். அதற்காக 2004இல் நோபல் பரிசு பெற்றனர். மனிதரிடம் வேலை செய்யும் ஏற்பி வகைகள் ஏறத்தாழ 400. ஒரு மணப்பொருள் பல ஏற்பிகளைத் தூண்டும்; எவையெவை சேர்ந்து தூண்டப்பட்டன என்பதைக் கொண்டு மூளை மணத்தை அடையாளம் காண்கிறது.

பலாவின் மணம் பெரும்பாலும் எஸ்டர்கள் என்னும் சேர்மங்களின் கலவை. வாழைப்பழ வாசம் தரும் ஐசோஅமைல் அசிடேட் இதிலும் உண்டு. ஆனால் பலாவைப் பலாவாக்குவதில் ஐசோவலரிக் அமிலத்தின் எஸ்டர்களுக்கே பெரிய பங்கு. இதில் வியப்பான செய்தி ஒன்று இருக்கிறது. தனியாக முகர்ந்தால் அந்த அமிலம் வியர்வைக் காலுறைபோல நாறும். ஆல்கஹாலோடு இணைந்ததும் பழமணமாகிவிடும். அந்த அமிலம், எஸ்டர்களில் சேரும் ஐசோஅமைல் ஆல்கஹால் இரண்டுக்குமே மூலம் லியூசின் என்ற அமினோ அமிலம். காய் முற்றியதும் எத்திலீன் வாயு சுரந்து நொதிகளை முடுக்கிவிடுகிறது. மாவுச்சத்து சர்க்கரையாகிறது, சுளை இளகுகிறது, மணம் பெருகுகிறது.

பலா அயல் மகரந்தச் சேர்க்கையில் காய்ப்பது. அதனால் கொட்டை போட்டு வளர்ந்த மரம் ஒவ்வொன்றும் சுளையின் நிறத்திலும் மணத்திலும் தனி. பாலூர் காய்கறி ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட பாலூர் 1 ரகம், பணிக்கன்குப்பம் பகுதிப் பலாவிலிருந்து தேர்ந்தெடுத்ததுதான். 2011 டிசம்பர் 30 அன்று வீசிய தானே புயல் கடலூர் மாவட்டத்தின் பலா, முந்திரி மரங்களைப் பெருமளவில் சாய்த்தது. விதைமரம் ஒன்று விழுந்தால் அந்த மணக்கலவை அதோடு போயிற்று. ஒட்டுக்கட்டி வைத்திருந்தால் மட்டுமே மீளும். பண்ருட்டிப் பலாவுக்கு 2025இல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. எஞ்சிய முதுமரங்களின் மணத்தை மரம்வாரியாக ஆய்ந்து பதிந்து வைப்பது அதைவிட அவசரமான வேலை.

சத்துக்கு வந்தால், 100 கிராம் பழுத்த சுளையில் சுமார் 19 கிராம் சர்க்கரையும் 450 மில்லிகிராம் அளவுக்குப் பொட்டாசியமும் உண்டு. நீரிழிவு உள்ளவர்கள் அளவு பார்த்தே சாப்பிட வேண்டும். பலாக்காயின் கதை வேறு. ஆந்திரத்தின் ஸ்ரீகாகுளத்தில் 40 நீரிழிவு நோயாளிகளிடம் நடத்தி 2021இல் வெளியான ஆய்வில், அரிசி அல்லது கோதுமைக்குப் பதிலாக நாளுக்கு 30 கிராம் பலாக்காய் மாவு 12 வாரம் உண்டவர்களுக்கு சராசரி இரத்தச் சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி அளவு குறைந்தது. சிறிய ஆய்வு, இதை நம்பி மருந்தை நிறுத்தக் கூடாது.

கொட்டையிலும் புரதமும் மாவுச்சத்தும் உண்டு. அதில் செரிமானத்தைத் தடுக்கும் பொருள் இருப்பதால் வேகவைத்தோ சுட்டோதான் தின்ன வேண்டும். கொட்டையைப் புளிக்கவைத்து உலர்த்தி வறுத்தால் சாக்லேட் மணம் வருவதை பிரேசிலின் சாவோ பாலோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017இல் காட்டினர். அந்த மணத்துக்கு உதவும் 3-மெத்தில்பியூட்டனாலும் லியூசினிலிருந்தே பிறக்கிறது.