பேக்கரியா, டோனட் கடையா? கிளையுரிமை பெறுவோர் கருத வேண்டியவை

சொந்தத் தொழில் தொடங்க விழையும் இளைஞர்களையும், ஓய்வுபெற்ற பின் கைப்பொருளைப் பயனுள்ள வகையில் முதலீடு செய்ய எண்ணுவோரையும் ரொட்டி, கேக் தயாரிப்புத் தொழில் பெரிதும் ஈர்க்கிறது. பெயர் பெற்ற நிறுவனத்தின் வணிகப் பெயரையும் செய்முறையையும் கட்டணம் செலுத்திப் பயன்படுத்தும் 'பிராஞ்சைசு' எனப்படும் கிளையுரிமை முறை, இத்துறையில் எளிதில் நுழைவதற்கான வழியாகக் காட்டப்படுகிறது. ஆயினும் பேக்கரிக் கிளையும் டோனட் கிளையும் ஒரே தன்மையன அல்ல. ஒரு குடும்பத்தின் சேமிப்பு முழுவதும் இதில் முடங்கக்கூடும் என்பதால், இரண்டின் வேறுபாடுகளையும் அறிந்துகொள்வது இன்றியமையாதது.

இரு தொழில்களின் பின்னணி

பேக்கரித் தொழில் நம் நாட்டில் நன்கு வேரூன்றியது. கேரளத்தின் தலச்சேரியில் மாம்பள்ளி பாபு 1880-ல் பேக்கரி ஒன்றை நிறுவினார். மைய அரசே 1965-ல் மாடர்ன் பேக்கரீஸ் நிறுவனத்தைத் தொடங்கிப் பல நகரங்களில் ரொட்டி உற்பத்தி செய்தது. அந்நிறுவனம் 2000-ஆம் ஆண்டில் தனியார் வசம் சென்றது. ரொட்டியும் பன்னும் காலைச் சிற்றுண்டியாகவும் நோயாளிகளின் உணவாகவும் நாள்தோறும் விற்பனையாகின்றன.

டோனட் இந்நாட்டிற்குப் புதியது. அமெரிக்காவில் டங்கின் டோனட்ஸ் நிறுவனம் 1955-லேயே கிளையுரிமை வழங்கத் தொடங்கிவிட்டது. இந்தியாவில் அதன் முதற்கடை 2012-ல்தான் தில்லியில் திறக்கப்பட்டது. அதற்கான உரிமையை முழு நாட்டிற்குமாகப் பெற்றது ஒரு பெரிய உணவு நிறுவனமே. அயல்நாட்டுப் பெயர்கள் பலவும் இவ்வாறே பெருநிறுவனங்களின் வழியாக வருகின்றன. எனவே, தனிமனிதர் பெறக்கூடிய வாய்ப்புகள் பெரும்பாலும் உள்நாட்டு நிறுவனங்கள் அளிப்பவையாகவே இருக்கும்.

பண்டத்தின் ஆயுள்

லாபத்தை முடிவு செய்வதில் பண்டம் கெடாதிருக்கும் காலத்திற்குப் பெரும் பங்கு உண்டு. ரொட்டி இரண்டு மூன்று நாட்களும், பிஸ்கட் பல வாரங்களும் தாங்கும். மீந்த ரொட்டியை ரஸ்க்காகவோ ரொட்டித் தூளாகவோ மாற்றி விற்க முடியும். எண்ணெயில் பொரித்து மேலே இனிப்புப் பூசப்பெறும் டோனட்டோ அன்றைக்கே விற்றாக வேண்டும். மறுநாள் அதன் மென்மையும் சுவையும் குன்றிவிடும். வேறு பண்டமாக மாற்றவும் வழியில்லை. மேலும், பொரிக்கும் எண்ணெயை அடிக்கடி மாற்றுவது தனிச் செலவாகும். உணவு எண்ணெய், கொழுப்பு ஆகியவற்றில் தொழில்முறையில் உருவாகும் டிரான்ஸ் கொழுப்பு 2 விழுக்காட்டுக்கு மேற்படலாகாது என்ற விதி 2022 முதல் நடைமுறையில் உள்ளது. ஆகவே மலிவான வனஸ்பதியைக் கொண்டு செலவைக் குறைக்கவும் இயலாது.

மறுபுறம், டோனட் கடைக்குச் சிறிய இடம் போதும். பண்ட வகைகளும் குறைவு. காபி, தேநீர் விற்பனை உடன் சேர்ந்தால் வருவாய் பெருகும். ஆனால் மக்கள் நடமாட்டம் மிக்க இடம் வேண்டும். அங்கு வாடகையும் மிகுதி. பேக்கரிக்கு அடுப்பு, மாவு பிசையும் இயந்திரம், தேர்ந்த தொழிலாளர் ஆகியவை தேவை. எனினும் குடியிருப்புப் பகுதியில் குறைந்த வாடகையில் அதனை நடத்தலாம்.

உரிமைத்தொகையின் பளு

எடுத்துக்காட்டாக ஒரு கணக்கைக் கொள்வோம். மாத விற்பனை 5 லட்சம் ரூபாய் என்க. மூலப்பொருளுக்கு 2 லட்சம், கூலிக்கு 1 லட்சம், வாடகைக்கு 75,000, மின்சாரத்திற்கும் எரிபொருளுக்கும் 40,000, வீணாகும் பண்டத்திற்கு 25,000 எனச் செலவானால் மிஞ்சுவது 60,000 ரூபாய். தாய் நிறுவனம் விற்பனையில் 6 விழுக்காட்டை ராயல்டியாகவும், 2 விழுக்காட்டை விளம்பரத்திற்காகவும் பெறுமாயின், 40,000 ரூபாய் சென்றுவிடும். எஞ்சும் 20,000 ரூபாயிலிருந்தே கடன் தவணையைச் செலுத்த வேண்டும்.

இத்தொகை லாபத்தின்மீது அன்றி, விற்பனையின்மீது கணக்கிடப்படுகிறது என்பதை மறத்தலாகாது. நட்டம் ஏற்பட்ட மாதத்திலும் அதைச் செலுத்தியே தீர வேண்டும். மேற்கண்ட கணக்கின்படி, நிறுவனத்தின் பெயரால் விற்பனை ஏறத்தாழ 17 விழுக்காடு கூடினால்தான் அப்பெயருக்குச் செலுத்தும் கட்டணம் ஈடாகும். அந்த அளவு கூடுமா என்பதே உரிமை பெறுவோர் தம்மைக் கேட்டுக்கொள்ள வேண்டிய முதல் வினா.

கையொப்பத்திற்கு முன்

அமெரிக்காவில், கிளையுரிமை வழங்கும் நிறுவனம் தன் நிலை பற்றிய விவர ஆவணத்தை ஒப்பந்தத்திற்குக் குறைந்தது 14 நாட்களுக்கு முன் தர வேண்டும் என்பது விதி. இந்தியாவில் இதற்கெனத் தனிச்சட்டம் இல்லை. 1872-ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டமும், 1999-ஆம் ஆண்டின் வணிகக் குறியீட்டுச் சட்டமும் போன்ற பொதுச் சட்டங்களே பொருந்துகின்றன. ஆகவே, வினவி அறியும் பொறுப்பு உரிமை பெறுவோரையே சாரும்.

அருகிலேயே வேறொரு கிளை திறக்கமாட்டார்களா? மூலப்பொருளை நிறுவனத்திடமே வாங்க வேண்டுமா, அதன் விலை என்ன? விற்காத பண்டத்தை யார் ஏற்பது? ஒப்பந்தம் முடிந்தபின் அதே தொழிலைத் தொடரத் தடை உண்டா? இவற்றுக்கான விடைகள் எழுத்தில் இருத்தல் வேண்டும். ஏற்கெனவே கிளை நடத்துவோரையும், நடத்திக் கைவிட்டோரையும் நேரில் கண்டு கேட்பது சாலச் சிறந்தது.

கிளையுரிமை ஒன்றே வழி என்பதும் இல்லை. மைசூரிலுள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையம் பேக்கரித் தொழில்நுட்பத்தில் பயிற்சி அளிக்கிறது. 2015-ல் தொடங்கப்பெற்ற முத்ரா திட்டம் பிணையில்லாக் கடனுக்கு வழிவகுத்தது. தொழிலைத் தாமே கற்றுத் தேர்ந்தவர் பேக்கரியைச் சொந்தப் பெயரில் நடத்தலாம். கற்க வாய்ப்பில்லாதவருக்குக் கிளையுரிமை கைகொடுக்கும். எதைத் தேர்ந்தாலும், கடைத்தெருவில் சில வாரங்கள் நின்று மக்கள் வாங்குவதைக் கணக்கெடுத்த பின்னரே முதலீடு செய்வது அறிவுடைமை ஆகும்.