காற்றில் ஒலித்த குரலும் கலைக்களஞ்சியப் பக்கமும்

எழுத்தாளர் மறைந்தால் நூல் எஞ்சும்; சிற்பி மறைந்தால் சிலை எஞ்சும். வானொலி அறிவிப்பாளரின் ஆக்கமோ ஒலித்த கணத்திலேயே காற்றில் கலந்துவிடுவது. பழைய ஒலிபரப்புகளுள் பல பதிவு செய்யப்படவே இல்லை. பதிவான ஒலிநாடாக்களுள்ளும் பல அழிக்கப்பட்டு வேறு நிகழ்ச்சிகளுக்குப் பயன்பட்டன. எனவே, அறிவிப்பாளர் ஒருவரின் வாழ்க்கை வரலாற்றை எழுதப் புகுவோர் பெரிதும் கேட்டவர் நினைவையே சார்ந்திருக்க நேர்கிறது. நினைவு இனியது, ஆயினும் அது எப்போதும் சான்றாகிவிடுவதில்லை.

இச்சிக்கலை இணையக் கலைக்களஞ்சியமான விக்கிப்பீடியாவில் தெளிவாகக் காணலாம். ஆங்கிலத்தில் 2001 ஆம் ஆண்டும் தமிழில் 2003 ஆம் ஆண்டும் தொடங்கப்பெற்ற இதனை வல்லுநர் குழு மட்டும் எழுதுவதில்லை. விருப்பமுள்ள எவரும் ‘தொகு’ என்னும் பொத்தானை அழுத்தி எழுதலாம், திருத்தலாம். ஒவ்வொரு திருத்தமும் நாள், நேரம் ஆகியவற்றுடன் பக்கத்தின் ‘வரலாறு’ பகுதியில் பதிவாகும். இன்று எழுதிய பிழையை நாளை மற்றொருவர் நீக்கலாம். நீக்கியது சரியன்று எனில் பழைய வடிவத்தை மீட்கவும் இயலும்.

அமீன் சயானி ஓர் எடுத்துக்காட்டு

இந்தி வானொலி உலகில் பெரும்புகழ் பெற்ற அமீன் சயானி 1932 டிசம்பர் 21 அன்று பம்பாயில் பிறந்தார். 1952 இல் மத்தியத் தகவல் ஒலிபரப்புத் துறை அமைச்சரான பி.வி. கேஸ்கர், அகில இந்திய வானொலியில் திரையிசைக்கு இடத்தைச் சுருக்கினார். திரைப்பாடல் கேட்க விரும்பிய இந்திய நேயர்கள் இலங்கை வானொலியின் பக்கம் திரும்பினர். அவ்வாண்டின் இறுதியில் அங்கே தொடங்கிய ‘பினாக்கா கீத்மாலா’ நிகழ்ச்சியே சயானியைப் புகழின் உச்சிக்குக் கொண்டு சென்றது. பற்பசை நிறுவனமொன்றின் விளம்பர நிகழ்ச்சியாகப் பிறந்த அது, புதன்கிழமை மாலைகளில் நாட்டின் பல பகுதிகளிலும் வானொலிப் பெட்டிகளைச் சுற்றி மக்களைக் கூட்டியது.

இவரைப் பற்றி எழுதும் பழைய நேயர் ஒருவர், ‘சயானி கொழும்பில் அமர்ந்து பேசுவார்’ என்று சேர்க்கக்கூடும். குரல் கொழும்பு அலைவரிசையில் வந்தமையால் அவ்வாறு எண்ணுவது இயல்பே. உண்மையில் அந்நிகழ்ச்சி பம்பாயில் ஒலிப்பதிவு செய்யப்பட்டு, நாடாவாகக் கொழும்புக்கு அனுப்பப்பட்டது. நேயர் பொய் சொல்லவில்லை. தாம் கேட்டதிலிருந்து தாமே ஒன்றை உய்த்துணர்ந்தார். இத்தகைய இடங்களுக்காகவே விக்கிப்பீடியா ‘மெய்யறிதன்மை’ என்னும் விதியை வைத்துள்ளது. எழுதுபவருக்குத் தெரியும் என்பது போதாது. நம்பத்தகுந்த வெளியீடொன்றில் அச்செய்தி இருத்தல் வேண்டும். அதனை மேற்கோளாகக் காட்டுதலும் வேண்டும்.

நாள்களில் நேரும் பிழை இன்னும் நுட்பமானது. சயானி காலமானது 2024 பிப்ரவரி 20, செவ்வாய்க்கிழமை மாலை. செய்தி நாடெங்கும் பரவியதோ மறுநாள் புதன்கிழமை. செய்தியின் நாளையே மறைந்த நாளாகக் கொண்டு 21 என்று எழுதிவிடுவது மிக எளிது. (புதன்கிழமைகளின் குரல் ஓய்ந்த செய்தி புதன்கிழமையே வந்தது என்று இரங்கற் கட்டுரையாளர் உருகலாம், கலைக்களஞ்சியத்தில் அதற்கு இடமில்லை.)

எண்களையும் எச்சரிக்கையுடன் அணுக வேண்டும். சயானி 54,000 வானொலி நிகழ்ச்சிகளை வழங்கினார் என்னும் கணக்கு பல கட்டுரைகளில் காணப்படுகிறது. அறுபது ஆண்டுகளுக்குப் பகிர்ந்தால் ஆண்டுக்குத் தொள்ளாயிரம், நாளொன்றுக்கு இரண்டு அல்லது மூன்று ஆகிறது. ஒரே ஒலிப்பதிவு பல நிலையங்களில் ஒலித்ததைத் தனித்தனியாக எண்ணினார்களா, சில நிமிடத் துணுக்குகளையும் சேர்த்தார்களா என்னும் வினாக்கள் எழுகின்றன. ஆனால், தொகுப்பவர் தாமே கணக்கிட்டு அவ்வெண்ணை மாற்றினால் அது ‘சொந்த ஆய்வு’ ஆகிவிடும். ‘இவ்வாறு குறிப்பிடப்படுகிறது’ என்று கூறியவரைச் சுட்டி எழுதி, ஐயத்தை ‘உரையாடல்’ பக்கத்தில் பிறர் முன் வைப்பதே முறை.

இங்கே மற்றோர் இடரும் உண்டு. சான்றின்றிக் கலைக்களஞ்சியத்தில் நுழைந்த ஓர் எண்ணை, இதழாளர் ஒருவர் அங்கிருந்தே எடுத்துக் கட்டுரையில் எழுதுகிறார். பிறகு அக்கட்டுரையே அவ்வெண்ணுக்கு மேற்கோளாகப் பக்கத்தில் இணைக்கப்படுகிறது. தன் நிழலைத் தானே சாட்சிக்கு அழைப்பது போன்ற இந்நிலையைக் கண்டறிய, மேற்கோளின் நாளையும் அச்செய்தி பக்கத்தில் முதன்முதல் சேர்க்கப்பட்ட நாளையும் ஒப்பிட வேண்டும். எது முந்தியது என்பதை ‘வரலாறு’ காட்டிவிடும்.

ஒரு பொய்யின் நான்கு திங்கள்

பிழை சிறிதாயிருக்கும்வரை தீங்கும் சிறிது. 2005 மே மாதம் அமெரிக்க இதழாளர் ஜான் சீகன்தாலரைப் பற்றிய ஆங்கிலப் பக்கத்தில், கென்னடி சகோதரர்களின் கொலையில் அவருக்குத் தொடர்பு இருந்ததாக ஐயம் நிலவியது என்று பெயர் குறிக்காத ஒருவர் எழுதினார். சீகன்தாலரோ ராபர்ட் கென்னடியிடம் உதவியாளராகப் பணியாற்றியவர். அவருடைய இறுதி ஊர்வலத்தில் பெட்டியைச் சுமந்தோருள் ஒருவர். அப்பொய் ஏறத்தாழ நான்கு மாதங்கள் நீடித்தது. பிற இணையதளங்களும் அதனைப் படியெடுத்து வெளியிட்டன. எழுதியவர் பின்னர் கூறிய காரணம், உடன் பணிபுரிந்தவரிடம் வேடிக்கை காட்டுவதற்காக என்பதாகும். எழுபத்தெட்டு வயதை எட்டியிருந்த ஒருவரின் நற்பெயர் இன்னொருவரின் சிரிப்புக்குப் பொருளாயிற்று.

அந்நவம்பரில் சீகன்தாலர் நாளிதழில் இதனைக் கண்டித்து எழுதினார். அதன்பின் ஆங்கில விக்கிப்பீடியாவில், பதிவு செய்யாத பயனர் புதிய கட்டுரை தொடங்குவது தடுக்கப்பட்டது. வாழும் நபர்களைப் பற்றிய தனிக் கொள்கையும் வகுக்கப்பட்டது. வாழும் ஒருவர்மீது சான்றின்றிக் கூறப்பட்ட பழிச்சொல்லை ‘சான்று தேவை’ என்று குறித்து வைத்திருத்தல் கூடாது. கண்டவுடன் நீக்க வேண்டும் என்பது அதன் உயிர்நிலை. அதுபோலவே ஆதாரமற்ற புகழுரைக்கும் இடமில்லை. ‘ஈடு இணையற்ற குரல்வளம் கொண்டவர்’ என்பது நேயரின் அன்பு. ‘2009 இல் பத்மஸ்ரீ விருது பெற்றார்’ என்பது செய்தி. தம்மைப் பற்றிய பக்கத்தைத் தாமே திருத்துவதும் தவிர்க்கத்தக்கது. பிழை கண்டவர் உரையாடல் பக்கத்தில் சான்றுடன் தெரிவிக்கலாம்.

சான்று எங்கே கிடைக்கும் என்னும் வினா எஞ்சுகிறது. இலங்கை வானொலியின் தமிழ் ஒலிபரப்பில் எஸ்.பி. மயில்வாகனம் முதலியோரின் குரல்கள் தமிழகத்து வீடுகளிலும் ஒலித்தன. அக்குரல்களைப் பதிந்த நாடாக்கள் அரியவை. எனினும், அக்கால நாளிதழ்கள் அன்றாட வானொலி நிகழ்ச்சி நிரலை அச்சிட்டன. சென்னையிலிருந்து வெளிவந்த ‘வானொலி’ இதழ் அகில இந்திய வானொலி நிகழ்ச்சிகளின் விவரங்களைத் தாங்கி வந்தது. நூலகங்களில் தூசு படிந்து கிடக்கும் இவ்வகை இதழ்களின் பக்கங்களில், எந்த நாளில் எந்த மணிக்கு எந்த நிகழ்ச்சி ஒலித்தது என்பது சிறிய எழுத்தில் அச்சாகியிருக்கிறது.