பெரியவரின் கடைசி நாட்கள்: தவறு கண்டால் வாய் திறந்து சொல்லுங்கள்



குடும்ப நலம் என்றால் பிள்ளைப்பேறும் தடுப்பூசியும் மட்டும் அல்ல. படுத்த படுக்கையாகக் கிடக்கும் வயோதிகரைக் கடைசி வரை நல்லபடியாகப் பார்த்துக்கொள்வதும் குடும்ப நலம்தான். அந்த நாட்களில் அறியாமையாலும் வறுமையாலும் சில தவறுகள் நடக்கின்றன. பார்த்தவர்களோ, "நமக்கேன் வம்பு" என்று இருந்துவிடுகிறார்கள். எது தவறு, அதை யாரிடம் சொல்வது என்பதை இங்கே பார்ப்போம்.

எவை தவறு?

1. தலைக்கூத்தல்: விருதுநகர், மதுரை, தேனி மாவட்டங்களின் சில ஊர்களில் உள்ள பழக்கம் இது. "பெரிசு இழுத்துக்கிட்டே கெடக்கு, அனுப்பி வச்சிருவோம்" என்று முதியவருக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி, இளநீரும் பாலும் புகட்டுவார்கள். உடல் சூடு குறைந்து, காய்ச்சலும் சளியும் கண்டு உயிர் போய்விடும். 2010ஆம் ஆண்டில் விருதுநகர் மாவட்டத்தில் ஒரு முதியவர், தமக்கு இது நடக்கப்போவதை அறிந்து வீட்டை விட்டே தப்பி ஓடினார். குடும்பமே சம்மதித்தாலும் சட்டப்படி இது கொலைதான்.

2. வாயில் பால் ஊற்றுதல்: அரை நினைவில் இருப்பவருக்கு விழுங்கும் சக்தி இராது. ஊற்றும் பால் நுரையீரலுக்குள் போகும், மூச்சு முட்டும். கடைசி நாட்களில் பசி குறைவது இயற்கை. சுத்தமான ஈரத்துணியால் உதட்டையும் வாயையும் நனைத்தாலே போதும். விழுங்க முடிந்தவருக்குத் தலையை உயர்த்தி வைத்து, சிறிது சிறிதாகக் கொடுங்கள்.

3. படுக்கைப்புண்: ஒரே பக்கமாகக் கிடந்தால் இடுப்பிலும் குதிகாலிலும் தோல் சிவந்து புண்ணாகும். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். நனைந்த துணியை உடனே மாற்ற வேண்டும்.

4. வலியோடு விட்டுவிடுதல்: "வயசானா வலிக்கத்தான் செய்யும்" என்பது தவறான எண்ணம். புற்றுநோயின் கடும் வலிக்கு மார்பின் மாத்திரை உண்டு. டாக்டர் சொல்லும் அளவில் சாப்பிட்டால் அது நல்ல மருந்தே. அது கிடைப்பதில் இருந்த சட்டச் சிக்கல்களைக் குறைக்க 2014இல் சட்டம் திருத்தப்பட்டது.

வீட்டுக்குள் எப்படிச் சொல்வது?

மருமகள் வாய் திறந்தால் வீட்டில் சண்டை வருமோ என்ற பயம் நியாயமானதே. ஆகையால் முதலில் கணவன் மனைவி இருவரும் பேசி ஒன்றுபடுங்கள்.

"ஏங்க, அத்தைக்கு எண்ணெய் தேய்ச்சு ஊத்தணும்னு பெரிய மாமா சொல்றாரு. எனக்கு மனசு கேக்கலைங்க."

"எனக்கும்தாம்மா. நாளைக்கே நர்சம்மாவைக் கூட்டியாறேன். அவங்க வந்து சொன்னா அண்ணன் கேப்பாரு."

இப்படித்தான். யாரையும் குற்றவாளி ஆக்க வேண்டாம். பராமரிக்க ஆள் இல்லாமலும் கையில் காசு இல்லாமலும்தான் பல வீடுகளில் இந்த எண்ணம் வருகிறது. "நாங்க ராத்திரி பாத்துக்கறோம்" என்று ஒரு கை கொடுத்தால் பேச்சு எடுபடும்.

வெளியில் யாரிடம் சொல்வது?

* கிராம சுகாதாரச் செவிலியரிடமோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ சொல்லுங்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், வலி நிவாரண ஆதரவுச் சிகிச்சை வீட்டுக்கே வந்து தரப்படுகிறது. செலவு இல்லை.
* ஆலோசனைக்கு 104. முதியோர் உதவிக்கு 14567. உயிருக்கு உடனடி ஆபத்து என்று தெரிந்தால் தயங்காமல் 112.
* பெற்றோரைக் கைவிடுவது 2007ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். மூன்று மாதம் வரை சிறையோ, 5,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ உண்டு. ஜீவனாம்சம் கோரி வருவாய்க் கோட்டாட்சியரிடம் மனுக் கொடுக்கலாம்.
* ஆஸ்பத்திரியில் கவனிப்புச் சரியில்லை என்றால் முதலில் வார்டு நர்சிடமும் டாக்டரிடமும் பணிவாகக் கேளுங்கள். பலன் இல்லையென்றால் மாவட்ட மருத்துவ நலப்பணிகள் இணை இயக்குநருக்கு எழுதுங்கள். தேதி, நேரம், நடந்தது ஆகியவற்றை அன்றன்றே ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். மனுவின் நகலைப் பத்திரப்படுத்துங்கள்.

ஒரு சந்தேகம்

"கோர்ட்டே கருணைக்கொலைக்கு அனுமதி கொடுத்திருச்சாமே?" என்று சிலர் கேட்கிறார்கள். 2018 மார்ச் 9 அன்று உச்ச நீதிமன்றம் கூறியது வேறு. தேற வழியில்லாத நோயாளிக்குச் செயற்கையாக உயிரைப் பிடித்துவைக்கும் சிகிச்சையை, மருத்துவர் குழுக்கள் ஆராய்ந்து, உரிய முறைப்படி நிறுத்தலாம் என்பதே அது. வீட்டில் எண்ணெயும் இளநீரும் கொண்டு உயிரைப் போக்க யாருக்கும் அனுமதி இல்லை.

தம்பதியரே! இன்று பெரியவருக்கு நீங்கள் செய்வதை உங்கள் பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அவர் போகும் நேரம் தானாக வரும். அதுவரை வலியில்லாமல், புண்ணில்லாமல், பயமில்லாமல் வைத்திருப்பது நம் கடமை. தவறு கண்டால் இன்றே சொல்லுங்கள்!