சோம்பலன்று, சுணக்கமே!

கேட்ட வினாவுக்கு உடனே விடை கூறாதவரை மந்தர் என்றும், சொன்னதை மறந்தவரை அக்கறையற்றவர் என்றும் எளிதிற் கூறிவிடுகின்றோம். ஆசிரியத் தொழில் புரியும் நாமும் வகுப்பறையில் இத் தவற்றுக்கு விலக்கானோம் அல்லோம். ஆனால், 'மல்ரிப்பிள் ஸ்கிளெரோசிஸ்' என்னும் நரம்பு நோயைப் பற்றிச் சிறிது அறிந்தவர் அவ்வாறு தீர்ப்புக் கூறத் தயங்குவர்.

மின்கம்பிக்கு மேலுறை இருப்பதுபோல, மூளையிலும் முண்ணாணிலும் உள்ள நரம்பிழைகளை மயலின் என்னும் கொழுப்புறை போர்த்தியிருக்கின்றது. அதனாலேயே செய்திகள் விரைந்து செல்கின்றன. இந்நோயில், உடலைக் காக்கவேண்டிய எதிர்ப்பாற்றலே அவ்வுறையைத் தாக்கிச் சிதைக்கின்றது. பெரும்பாலும் 20 முதல் 40 வயதுக்குள் தொடங்கும் இந்நோய், ஆண்களைவிடப் பெண்களையே மிகுதியாகப் பற்றுகின்றது. நடை தளர்ந்தாற் பிறர் காண்பர்; நினைவு தளர்ந்தால் யார் காண்பார்?

பாரிஸ் நகரின் சல்பெத்ரியேர் வைத்தியசாலையில் 1868இல் இந்நோயை விளக்கிய சார்க்கோ என்னும் அறிஞர், நோயாளரின் நினைவு நலிவதையும், கருத்துகள் மெல்லவே உருவாவதையும் அன்றே குறித்தார். எனினும், நெடுங்காலம் வைத்திய உலகம் அதனைப் பெரிதாக எண்ணவில்லை. இன்றைய ஆய்வுகளோ நோயாளருள் ஏறத்தாழப் பாதிப்பேரிடம் இத்தகைய மாற்றம் உண்டென்கின்றன.

அவ்வாறாயின், அறிவே அழிந்துவிடுகின்றதா? இல்லை. பெரும்பாலாரிடம் சொல்வளமும் பொது அறிவும் நிலைத்திருக்கின்றன. சிந்தனையின் வேகமே முதன்மையாகக் குறைகின்றது. புதியதை மனத்திற் பதித்தலும், இரு வேலைகளை ஒருங்கே கவனித்தலும், நாவின் நுனியிலுள்ள சொல்லை எடுத்தலும் கடினமாகின்றன. குறிகளுக்குரிய இலக்கங்களை 90 விநாடிகளில் இயன்றவரை கூறச்செய்து வைத்தியர் இவ் வேகத்தை அளப்பர். தடையின்றி நடமாடுபவரும் இச் சோதனையிற் பின்தங்குதல் உண்டு.

அடுப்பிலே பால் பொங்குகின்றது, வானொலி பாடுகின்றது, பிள்ளை கணக்குக் கேட்கின்றது. இந்நோயுற்ற தாய் திகைத்து நிற்கின்றாள். "அம்மாவுக்கு முன்போல அக்கறை இல்லை" என வீட்டார் முணுமுணுத்தால், நோயினும் அச்சொல்லே அவளை வருத்தும்.

வானொலியை நிறுத்துக. ஒருவேளையில் ஒன்றையே கேட்க. நினைவில் வைக்கவேண்டியதைக் குறிப்புப் புத்தகத்தில் எழுதிவைக்க உதவுக. கடினமான வேலைகளைக் களைப்பில்லாத நேரத்துக்கு ஒதுக்குக. களைப்பும் உறக்கக் குறைவும் மனச்சோர்வும் இக் குறையை மிகுவிப்பன. அவற்றுக்குப் பரிகாரம் உண்டாதலின் வைத்தியரிடம் மறையாது கூறுக.

எல்லாவற்றினும் மேலாக, விடைக்குச் சிறிது காத்திருப்போமாக. சுணங்கி வரும் விடை பிழையான விடை அன்று.