நிலம் அளந்த கதை – 9: நட்சத்திரம் பார்த்த சிப்பாய்

1799 மே 4 அன்று ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்ததைச் சென்ற வாரம் பார்த்தோம். கோட்டை கைக்கு வந்த பிறகுதான் கும்பினிக்கு ஒரு சங்கடம் உறைத்தது. பிடித்த சீமையின் நீள அகலம் யாருக்கும் திட்டமாகத் தெரியாது. அந்தச் சங்கடத்தில் தனக்கான வழியைக் கண்டவர், முற்றுகைக்கு வந்திருந்த வில்லியம் லாம்டன்.

யார்க்‌ஷயரில் எளிய குடும்பத்தில் பிறந்தவர். கனடாவின் நியூ பிரன்ஸ்விக்கில் பல ஆண்டுகள் பட்டாளக் குடியிருப்புகளின் மேற்பார்வை வேலை. மிச்ச நேரமெல்லாம் கணிதப் புத்தகங்கள். சூரிய கிரகணத்தை வெறுங்கண்ணால் பார்த்ததில் ஒரு கண் பழுதானது. நாற்பது வயது கடந்து இந்தியாவுக்கு வந்தபோது, அவருடைய 33-வது ரெஜிமெண்டுக்குத் தலைவர் ஆர்தர் வெல்லெஸ்லி.

முற்றுகை தொடங்கிய ஏப்ரலில், தளபதி பெயர்டின் படை இரவில் ஒரு தோப்பைத் துழாவிவிட்டு முகாமுக்குத் திரும்பிக்கொண்டிருந்தது. நட்சத்திரங்களைப் பார்த்த லாம்டன், தெற்கே போக வேண்டிய படை வடக்கே, திப்புவின் சேனையை நோக்கி நடக்கிறது என்றார். வழி கண்டுபிடிக்க நட்சத்திரம் தேவையில்லை என்று பெயர்டு தட்டிக்கழித்தார். சிறிது தூரத்தில் எதிரியின் காவல் படையோடு மோதிய பிறகுதான் திசை தவறியது புரிந்தது.

போர் முடிந்ததும் லாம்டன் ஒரு திட்டத்தை நீட்டினார். சென்னையிலிருந்து மைசூர் வழியாக மேற்குக் கடற்கரை வரை முக்கோணம் முக்கோணமாக அளப்பது. வெல்லெஸ்லி ஆதரித்தார்; சென்னை கவர்னர் எட்வர்ட் கிளைவ் ஒப்புதல் தந்தார். அரசுக்கு வேண்டியது வரைபடம். லாம்டனின் ஆசை அதைவிடப் பெரியது: பூமி துருவங்களில் எவ்வளவு தட்டையாக இருக்கிறது என்று கணக்கிடுவது. அதற்கு ஒரு பாகை தூரம் தரையில் எத்தனை அடி என்று வெவ்வேறு இடங்களில் அளந்து ஒப்பிட வேண்டும்.

1800-ல் பெங்களூரு அருகே, முக்கோணக் கணக்குக்கு அடிப்படையான முதல் அடிக்கோட்டை அளந்தார். 1802 ஏப்ரல் 10 அன்று பரங்கிமலை அருகே ஏழரை மைல் அடிக்கோட்டைத் தொடங்கினார். அளக்க வைத்திருந்த நூறடி எஃகுச் சங்கிலி, சீனப் பேரரசருக்குப் பரிசாகப் போய் ஏற்கப்படாமல் திரும்பியது. கோணம் அளக்க வேண்டிய, அரை டன் எடையுள்ள தியோடலைட் கருவி வந்த கப்பலைப் பிரெஞ்சுக்காரர்கள் பிடித்து மொரீஷியஸுக்குக் கொண்டுபோனார்கள். கருவி என்னவென்று தெரிந்ததும் மரியாதையோடு சென்னைக்கு அனுப்பிவைத்தார்கள்.

சென்னையின் நிதிக் குழுவில் ஒருவருக்கு இந்தச் செலவே பிடிக்கவில்லை. ஸ்ரீரங்கப்பட்டணம் போக நினைப்பவன் பல்லக்குத் தூக்கிகளின் தலைவனிடம் சொன்னால் போதும், லாம்டனின் படம் எதற்கு என்பது அவர் வாதம். ஊர் போய்ச் சேரும் வரையில் அது சரிதான். ஆனால் கடற்கரைக்குக் கடற்கரை 400 மைல் என்று பழைய படங்கள் காட்டிய இடத்தில் உண்மையில் இருந்தது 360 மைல்தான். நாற்பது மைல் நிலம் காகிதத்தில் மட்டுமே இருந்தது என்பதை எந்தப் பல்லக்குத் தூக்கியும் சொல்லியிருக்க முடியாது.

1808-ல் தஞ்சைக்கு வந்தார். குன்றே இல்லாத காவிரிச் சமவெளியில் உயரத்துக்குப் பெரிய கோயில்தான். தியோடலைட்டை மேலே இழுக்கும்போது கயிறு அறுந்து, கருவி சுவரில் மோதி, அதன் வட்டம் நெளிந்துபோனது. லாம்டன் கூடாரத்துக்குள் அடைபட்டு, ஆப்புகளையும் திருகுகளையும் வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து அதைப் பழைய வடிவத்துக்குக் கொண்டுவந்தார். ஆறு வாரம் பிடித்தது. பிறகு அதே கருவியோடு அளவையைத் தொடர்ந்தார்.

1823 ஜனவரி 20 அன்று வார்தா அருகே ஹிங்கன்காட்டில், வேலையின் நடுவிலேயே இறந்தார். அதற்குள் குமரி முனைப் பக்கமிருந்து மத்திய இந்தியா வரை அளவை ஏறியிருந்தது. மேற்கொண்டு இமயம் நோக்கி நடத்திப்போனவர் அவருடைய உதவியாளர் ஜார்ஜ் எவரெஸ்ட்.

ஆனால் லாம்டனின் முக்கோணங்கள் மலைக்கும் மலைக்கும் நடுவே இருந்த தூரத்தை மட்டுமே சொல்லின. உள்ளே எத்தனை ஊர், எத்தனை ஏரி, யார் நிலம், எந்தக் கோயிலில் என்ன கல்வெட்டு என்று கேட்டால் அவரிடம் பதில் இல்லை. அதே ஆண்டுகளில் அதே மைசூர் சீமையில் இந்தக் கேள்விகளைக் கேட்டுக்கொண்டு ஒருவர் ஊர் ஊராகப் போனார்: காலின் மெக்கன்சி. அவருக்கு வழிகாட்டிய காவலி சகோதரர்களோடு அடுத்த வாரம் சந்திப்போம்.

(தொடரும்)